180 வோல்ட் கொடுத்தும் துளி அசையவில்லை

#1 ஈயக்கம்பி

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சி. எரிமலை, காற்றாலை, சொட்டுநீர்ப் பாசனம் என்று ஆண்டுதோறும் அதே மாதிரிகள்தான். இந்த முறை பம்பு, குழாய், வால்வு எதுவும் இல்லாமல் ஒரு நீர்த்துளியை மின்சாரத்தால் மட்டும் நடக்கவைத்துக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுவிட்டேன். இப்போது விழிக்கிறேன்.

செய்தது இவ்வளவு. ஒரு சர்க்யூட் போர்டில் வரிசையாக 8 செப்புச் சதுரங்கள். ஒவ்வொன்றும் 2.5 மி.மீ.; இரண்டுக்கும் நடுவே 0.15 மி.மீ. இடைவெளி. அதன்மேல் பழத்தட்டு மூடும் க்ளிங் ஃபிலிமை இழுத்து ஒட்டினேன். ஃபிலிமின்மேல், கார் கண்ணாடியில் மழைநீர் தங்காமல் இருக்கப் பூசும் திரவத்தைத் தடவிக் காயவைத்தேன். நிக்ஸி என்ற பழைய எண்காட்டி விளக்குகளுக்காக விற்கும் 180 வோல்ட் மின்வழங்கியிலிருந்து 1 மெகா ஓம் மின்தடை வழியாக எட்டுச் சிறிய ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் மாறும் சுவிட்சுகள். அவற்றை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கணிப்பலகை.

ஒரு சொட்டுத் தண்ணீரை முதல் சதுரத்தில் விட்டு இரண்டாவதற்கு மின்சாரம் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மல்ட்டிமீட்டரில் பார்த்தால் 180க்குப் பதில் 164 வோல்ட்தான் காட்டுகிறது. மின்வழங்கி பழுதா?

#2 நிக்ஸிவிளக்கு

மின்வழங்கி நன்றாக இருக்கிறது. உங்கள் மல்ட்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அதோடு உங்கள் 1 மெகா ஓம் தொடராகச் சேர்கிறது. 180ஐ 11ஆல் வகுத்து 10ஆல் பெருக்குங்கள், 163.6 வரும். மீட்டரை எடுத்துவிட்டால் தகட்டில் முழு 180 இருக்கும்.

அந்த 1 மெகா ஓமை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பிள்ளைகள் தொட்டாலும் 0.18 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. "மின்தடை இருப்பதால் வேகம் குறையுமோ" என்று அடுத்துக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒரு சதுரத்தின் மின்தேக்குதிறன் 12 பிக்கோ ஃபாரட் அளவுதான் வரும். கம்பியின் பங்கைச் சேர்த்தாலும் நூறு மைக்ரோ விநாடிக்குள் நிரம்பிவிடும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக டயோடில் நேராக்கி எடுக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

ஒரு கேள்வி. ரிலேயில் மூன்று முனைகள் இருக்கும். பொது முனை சதுரத்துக்கு, ஒரு முனை 180 வோல்ட்டுக்கு. ஓய்வில் தொட்டிருக்கும் மூன்றாவது முனையை எங்கே இணைத்தீர்கள்?

#3 ஈயக்கம்பி

எங்கும் இணைக்கவில்லை. தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

#4 நிக்ஸிவிளக்கு

அங்கேதான் கோளாறு. உங்கள் அமைப்பில் துளிக்கு மேலே தகடு இல்லை, துளிக்குள் கம்பியும் இல்லை. அப்படியானால் துளிக்குப் பூமி, அதாவது எதிர்முனை, எது? பக்கத்துச் சதுரம்தான். அதை அந்தரத்தில் விட்டால், ஒரு சதுரத்தில் 180 ஏறியதும் துளியும் ஏறத்தாழ அதே 180க்கு மிதந்துவிடும். படலத்துக்குக் குறுக்கே வேறுபாடு ஏதும் இருக்காது; இழுக்கவும் ஒன்றும் இருக்காது. எட்டு ரிலேயின் ஓய்வு முனைகளையும் சேர்த்து எதிர்முனைக்கு இணையுங்கள்.

#5 ஈயக்கம்பி

இணைத்தேன். ஐயா, உயிர் வந்தது! ஆனால் அரை உயிர். மின்சாரம் வந்ததும் துளி அந்தப் பக்கம் லேசாகச் சாய்கிறது, தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல. நிறுத்தினால் பழைய இடம். நகர்ந்து போகவில்லை. 400 வோல்ட் மின்வழங்கி ஒன்று வாங்கிவிடட்டுமா?

#6 மென்படலம்

வேண்டாம், பொறுங்கள். நான் மேற்பரப்புகளில் ஆய்வு செய்கிறவள். இந்த நோயை எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் பார்க்கிறேன். துளி நகராவிட்டால் கை முதலில் மின்னழுத்தக் குமிழுக்குப் போகும். போகவேண்டிய இடம் படலம்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். க்ளிங் ஃபிலிம் சுமார் 10 மைக்ரான், மின்கடவா மாறிலி (காற்றைவிட எத்தனை மடங்கு மின்னூட்டம் தேக்க உதவும் என்ற எண்) 2.2 என்று வைத்துக்கொள்கிறேன். 180 வோல்ட்டில், 2.5 மி.மீ. அகலச் சதுரம் துளியை இழுக்கும் விசை ஏறத்தாழ 79 மைக்ரோ நியூட்டன். மோசமில்லை, 15 மைக்ரோலிட்டர் துளியின் எடையில் பாதிக்கு மேல்.

இதை எதிர்த்து நிற்பது எது? துளியின் எடை அல்ல. தளம் மட்டமாக இருக்கும்போது எடைக்கு இதில் வேலை இல்லை. எதிர்ப்பது விளிம்பு. துளி முன்னேறும்போது முன்விளிம்பு தளத்தோடு ஒரு கோணத்தில் (இதுதான் தொடுகோணம்) நிற்கும், பின்விளிம்பு இன்னொரு கோணத்தில் பற்றிக்கொண்டு இருக்கும். இந்த வேறுபாட்டுக்குப் பெயர் தொடுகோணத் தயக்கம். காந்தத் தயக்கம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் நடத்துவீர்களே, அதே சொல்தான். இங்கே அது அப்படியே உண்மை, துளி தயங்குகிறது. உங்கள் கார் திரவப் பூச்சில் முன்கோணம் 110 பாகை, பின்கோணம் 95 பாகை என்று வைத்தால், தயக்கத்தின் விசை சுமார் 46 மைக்ரோ நியூட்டன். 79க்கு எதிரே 46. நகரவேண்டும். ஆனால் நகரவில்லை.

ஏனென்றால் உங்களிடம் 79 இல்லை என்று சந்தேகிக்கிறேன். ஃபிலிமுக்கும் செம்புக்கும் நடுவே காற்று இருக்கிறதா? செப்புத் தகடு போர்டுக்கு மேலே சுமார் 35 மைக்ரான் உயர்ந்து நிற்கும். சதுரங்களுக்கு நடுவே பள்ளம். ஃபிலிமை இழுத்து ஒட்டினால் எங்காவது 15 மைக்ரான் காற்று தங்குவது மிக எளிது. காற்றின் மாறிலி 1. மின்புலத்தின் பார்வையில் உங்கள் 10 மைக்ரான் ஃபிலிம் 4.5 மைக்ரான் காற்றுக்குச் சமம். அதனடியில் 15 மைக்ரான் காற்று உட்கார்ந்தால் மொத்தம் 19.5. மின்தேக்குதிறன் கால்பங்குக்கும் கீழே போய்விடும். விசை 79இலிருந்து 18க்கு இறங்கும். 46ஐ 18 எப்படி வெல்லும்? சாய்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறது.

செய்யவேண்டியது: ஃபிலிமைப் போடுவதற்கு முன் செம்பின்மேல் ஒரு சொட்டுச் சிலிக்கோன் எண்ணெய் தடவுங்கள். பிறகு ஃபிலிமை ஒரு ஓரத்திலிருந்து படியவிட்டு, பழைய ஏடிஎம் அட்டையால் காற்றை வழித்து வெளியேற்றுங்கள். எண்ணெய் பள்ளத்தை நிரப்பும். அதன் மாறிலியும் ஃபிலிமுக்கு நெருக்கம்.

இன்னொன்று, துளியின் அளவு. "ஒரு சொட்டு" என்றால் எவ்வளவு?

#7 ஈயக்கம்பி

மருந்து சொட்டும் குழாயில் ஒரு சொட்டு, அக்கா.

#8 மென்படலம்

அது 50 மைக்ரோலிட்டர் வரை போகும். குறுக்களவு நாலரை மி.மீ. ஆகிவிடும். இரண்டாவது சதுரத்தை ஏற்கெனவே மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் துளிக்கு அங்கே போக என்ன காரணம் இருக்கிறது? துளி ஒரு சதுரத்தை நிறைத்து, பக்கத்துச் சதுரத்தைக் கொஞ்சம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாவிட்டாலும் வேலை நடக்காது.

மைக்ரோ பிப்பெட் வாங்கப் பள்ளியில் பணம் தரமாட்டார்கள். மருந்துக்கடையில் ஆரஞ்சு மூடி போட்ட இன்சுலின் ஊசி கேளுங்கள். அதில் ஓர் அலகு 10 மைக்ரோலிட்டர். ஒன்றரை அலகு விடுங்கள். சிவப்பு மூடி ஊசியில் ஓர் அலகு 25 மைக்ரோலிட்டர், அது பெரிது. ஊசிமுனையைக் கழற்ற முடியாவிட்டால் பிள்ளைகள் கையில் தராதீர்கள்.

#9 பாதரசம்

நல்ல இழை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவன் கொஞ்சம் கதை சொல்ல அனுமதியுங்கள்.

1870களில் கேப்ரியல் லிப்மன் என்ற பிரெஞ்சு இளைஞர் ஹைடல்பர்க்கில் இருந்தபோது, உடலியங்கியல் பேராசிரியர் கூனே அவருக்கு ஒரு வேடிக்கை காட்டினார். நீர்த்த கந்தக அமிலத்தின் அடியில் ஒரு பாதரசத் துளி. இரும்புக் கம்பியால் தொட்டால் சுருங்கும். எடுத்தால் பழைய வடிவம். லிப்மன் அதை வேடிக்கையாக விடவில்லை. மின்னழுத்தம் பாதரசத்தின் பரப்பு இழுவிசையை மாற்றுகிறது என்று கண்டு 1875இல் ஆய்வேடாகவே எழுதினார். அதிலிருந்து பிறந்த நுண்புழை மின்னழுத்தமானியை வைத்துத்தான் 1887இல் அகஸ்டஸ் வாலர் லண்டனில் மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலில் பதிந்தார். லிப்மனுக்கு 1908இல் நோபல் கிடைத்தது வேறு வேலைக்கு, வண்ணப் புகைப்படத்துக்கு.

ஆனால் தண்ணீரை இப்படி நேரடியாக உலோகத்தின்மேல் வைத்து ஆட்டினால், ஒரு வோல்ட்டைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் நீர் சிதைந்து குமிழி விடும். 1993இல் புருனோ பெர்ஜ் நடுவே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை வைத்தார். அவ்வளவுதான், நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்க வழி திறந்தது. நம் ஆசிரியரின் க்ளிங் ஃபிலிம் அந்தப் படலம்தான். தம்பி, பிள்ளைகளுக்கு விளக்கும்போது எளிமையாகச் சொல்லுங்கள்: மின்சாரம் கொடுத்த பக்கம் தொடுகோணம் குறைகிறது, துளி அந்தப் பக்கம் பரவுகிறது, அதனால் நகர்கிறது.

#10 மென்படலம்

ஐயா, கதை அருமை. கடைசி வரியோடு மட்டும் எனக்கு வழக்கு இருக்கிறது.

கோணம் குறைவதால் துளி நகர்கிறது என்பது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறது. மின்புலம் துளியின் விளிம்பருகே உள்ள மின்னூட்டத்தை இழுக்கிறது. அந்த இழுப்பால் துளி நகர்கிறது. அதே இழுப்பால் வெளியே பார்க்கும்போது கோணமும் குறைந்து தெரிகிறது. இரண்டும் ஒரே விசையின் இரண்டு தோற்றங்கள்.

சான்று இரண்டு. ஒன்று, 1890களில் பெல்லா செய்த சோதனை. இரண்டு தகடுகளை நட்டுவாக்கில் திரவத்தில் நிறுத்தி மின்னழுத்தம் கொடுத்தால் நடுவே திரவம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதைத் தொடுகோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கணக்கிடலாம். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஜோன்ஸ் இதை வைத்துத்தான் விசைதான் அடிப்படை என்று வாதிட்டார். இரண்டாவது, நெதர்லாந்தின் ட்வென்டேயில் முகேலே குழு 2007இல் விளிம்பை மிக அருகில் பார்த்தது. படலத்தின் தடிமன் அளவுக்கு நெருங்கிப் போனால் மேற்பரப்பு வளைந்து, கடைசியில் பழைய கோணத்திலேயே தளத்தைத் தொடுகிறது. அதாவது உண்மையான தொடுகோணம் மாறவே இல்லை.

#11 பாதரசம்

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நாற்பது ஆண்டுகள் தப்பாக நடத்தியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆகவே "சுருக்கமாக" நடத்தினேன் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மின்னழுத்தத்தையும் தொடுகோணத்தையும் இணைக்கும் லிப்மன்-யங் சமன்பாட்டைப் போட்டால் கோணம் சரியாகத்தானே வருகிறது? மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப கோசைன் ஏறுகிறது.

#12 மென்படலம்

குறைந்த மின்னழுத்தத்தில் அச்சாக வரும். மேலே போனால் ஒரு கட்டத்தில் கோணம் குறைவது நின்றுவிடும். சமன்பாட்டின்படி துளி முழுதாகப் பரந்து தரையோடு தரையாகவேண்டும். ஒருபோதும் அப்படி ஆவதில்லை. செறிவு நிலை என்கிறோம். விளிம்பில் காற்று அயனியாகிறது, படலத்துக்குள் மின்னூட்டம் சிக்குகிறது, விளிம்பிலிருந்து குட்டித் துளிகள் தெறிக்கின்றன என்று பல விளக்கங்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று கிடையாது. ஈயக்கம்பிக்கு 400 வோல்ட் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், க்ளிங் ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தால் போதும், துளி கொதித்துக் குமிழி விட்டுக் கண்காட்சி முடிந்துவிடும்.

#13 ஈயக்கம்பி

நகர்ந்தது!

சிலிக்கோன் எண்ணெய்க்கு எங்கள் ஊரில் அலைந்தேன். கடைசியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பழைய மாணவன் ஒருவன், நடைப்பயிற்சி இயந்திரத்தின் பட்டைக்கு அடியில் விடும் எண்ணெயைக் கொடுத்தான். குப்பியில் "100 விழுக்காடு சிலிக்கோன்" என்று போட்டிருக்கிறது. செம்பின்மேல் தடவி, ஃபிலிமைப் படியவைத்து, ஒன்றரை அலகு தண்ணீர் விட்டேன். ஒன்றிலிருந்து எட்டு வரை கோடு போட்டதுபோல ஓடியது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதற்குத்தானா பத்து நாள்?" என்றாள்.

ஆனால் போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் பதினோராவது முறையில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அணைத்துவைத்தால் மறுபடி இரண்டு மூன்று முறை போகிறது.

#14 நிக்ஸிவிளக்கு

நேர்மின்னோட்டத்தின் குணம் அது. ஒரே திசையில் இழுக்க இழுக்கப் படலத்தில் மின்னூட்டம் ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் 180க்கு எதிராக நிற்கும். விசை மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால் நேரா எதிரா என்பது துளிக்கு ஒன்றுதான். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் முனைகளை மாற்றிப் போடுங்கள். மின்வழங்கிக்கும் ரிலேக்களுக்கும் நடுவே இரட்டைமுனை ரிலே ஒன்றைக் குறுக்காக இணைத்தால் போதும். ஆய்வகங்களில் 1 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் மாறுமின்னழுத்தம் கொடுப்பார்கள். உங்கள் ரிலே அந்த வேகத்துக்கு உடைந்துபோகும், முயலவேண்டாம்.

#15 எதற்கு_இதெல்லாம்

நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். கண்காட்சிக்குச் சரி. இதைப் "பரிசோதனைக் கூடத்தையே சில்லில் அடக்குவோம்" என்று இருபது ஆண்டுகளாக விற்கிறார்களே, அந்தக் கூடம் எங்கே? எங்களிடம் இருப்பது பிப்பெட் பிடித்த இயந்திரக் கை. சத்தம் போடும், ஆனால் ஓடும்.

#16 மென்படலம்

கேள்வி நியாயம். இருக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபேர் குழு 2000இல் துளிகளை இப்படி நகர்த்திக் காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸில் சி.ஜே. கிம் குழு 2003இல் உருவாக்குதல், நகர்த்துதல், பிளத்தல், சேர்த்தல் என்ற நான்கையும் ஒரே தளத்தில் செய்தது. டியூக்கிலிருந்து பிறந்த வழியில் வந்த பேபீஸ் நிறுவனத்தின் கருவி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்து உலரவைத்த ரத்தத் துளியிலிருந்து பாம்ப்பே, கோஷே, ஃபேப்ரி உள்ளிட்ட நான்கு அரிய நொதிக் குறைபாடுகளைத் தேடுகிறது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் அதற்கு அனுமதி தந்தது. ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் நிறுவனம் மரபணு மாதிரி தயாரிக்கும் கையடக்கப் பெட்டி ஒன்றை இதே முறையில் வெளியிட்டது.

எனக்குப் பிடித்தது கென்யாவின் காக்குமா அகதி முகாம். டொரொன்டோவில் ஆரன் வீலர் குழு, வெள்ளி மையை இன்க்ஜெட் அச்சுப்பொறியில் விட்டு மின்முனைகளை அச்சடித்து, அந்த அட்டைகளைப் பெட்டிக் கருவியில் செருகி, 2016இல் முகாமுக்கே கொண்டுபோனது. குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்வோர் என்று மொத்தம் 144 பேரிடம் விரல் ரத்தம் எடுத்து, தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்தார்கள். வழக்கமான ஆய்வகச் சோதனையோடு ஒப்பிட்டபோது தட்டம்மையில் 86 விழுக்காடும் ரூபெல்லாவில் 84 விழுக்காடும் பொருந்தின.

#17 எதற்கு_இதெல்லாம்

86 விழுக்காட்டை நான் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார். மரபணு வரிசை படிக்கும் கருவிகள் செய்யும் இல்லுமினா, டியூக்கிலிருந்து முதலில் பிறந்த அட்வான்ஸ்டு லிக்விட் லாஜிக் நிறுவனத்தை 2013இல் வாங்கி, 2015இல் கருவியும் வெளியிட்டு, பிறகு அதையே நிறுத்திவிட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இதே தத்துவத்தில் மின்தாள் திரை செய்த லிக்வாவிஸ்டா பிலிப்ஸிலிருந்து பிரிந்து, சாம்சங் கைக்குப் போய், அமேசான் கைக்குப் போய், 2018இல் மூடப்பட்டது. கைமாறிக் கைமாறித் தேய்ந்த கதை.

#18 மென்படலம்

சொல்லியிருக்கவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நோயாளிக்கு 86 போதாது. ஆனால் காக்குமாவில் கேள்வி "இந்தக் குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் உண்டா" என்பது மட்டும் அல்ல. "இந்த முகாமில் தடுப்பூசி இடைவெளி எங்கே" என்பதும். ரத்த மாதிரியைக் குளிரில் வைத்துத் தலைநகருக்கு அனுப்பிப் பல நாள் காத்திருக்கும் இடத்தில் அந்த எண்ணின் மதிப்பு வேறு.

வென்ற இடம் ஒன்றையும் விட்டுவிட்டேன். பெர்ஜ் 2002இல் தொடங்கிய வாரியோப்டிக் நிறுவனத்தின் திரவ லென்ஸ். எண்ணெயும் நீரும் அடைபட்ட சிறு குப்பி; மின்னழுத்தத்துக்கு ஏற்ப எல்லைப்பரப்பு வளையும், குவியம் மாறும். தொழிற்சாலைகளில் பெட்டிமேல் இருக்கும் குறியீட்டைப் படிக்கும் கேமராக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஏன் வென்றது என்று பாருங்கள்: உள்ளே ரத்தம் இல்லை, புரதம் இல்லை, அடைத்த குப்பி. மேற்பரப்பை அழுக்காக்க யாரும் வரவில்லை.

#19 இரண்டின்_அடுக்கு

கணினி அறிவியல் மாணவன் ஒருவன் குறுக்கே வருகிறேன். துளியை நகர்த்துவதில் பாதி வேலை என்னுடைய துறை. ஆசிரியர் ஐயா இதைக் கண்காட்சியில் காட்டினால் கணித ஆசிரியரும் எட்டிப்பார்ப்பார்.

இந்தத் தளத்தில் அளவுக்குவளை கிடையாது. இரண்டு சம துளிகளைச் சேர்க்கலாம், கலக்கலாம், மறுபடி சமமாகப் பிளக்கலாம். அதை மட்டும் வைத்து 16இல் 5 பங்கு செறிவு வேண்டுமென்றால்? 5ஐ இரும எண்ணில் நான்கு இலக்கமாக எழுதுங்கள்: 0101. வலமிருந்து இடமாக வாசியுங்கள். கையில் வெறும் நீர்த்துளியோடு தொடங்குங்கள். 1 வந்தால் மருந்துத்துளியோடு கலந்து பாதியை வைத்துக்கொள்ளுங்கள், 0 வந்தால் நீரோடு. முதல் 1: செறிவு 1/2. அடுத்து 0: 1/4. அடுத்து 1: கால்பங்கும் முழுதும் சேர்ந்து பாதியானால் 5/8. கடைசி 0: 5/16. நான்கே கலப்பு. வீணாகும் துளிகளைக் குறைப்பது எப்படி என்பதில்தான் ஆய்வுகள் குவிகின்றன. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பார்கவ் பட்டாச்சார்யாவின் குழு இதில் நிறையச் செய்திருக்கிறது.

#20 ஈயக்கம்பி

தம்பி, இதைக் கட்டாயம் காட்டுகிறேன். ஆனால் என் பலகையில் துளியைப் பிளக்க முயன்றேன். இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்தால் எருமைபோல நீள்கிறது, பிறகு ஒரு பக்கமாகச் சரிகிறது.

#21 மென்படலம்

மேலே மூடி இல்லாமல் பிளப்பது மிகக் கடினம். துளியை இரண்டு தகடுகளுக்கு நடுவே அப்பளம்போல நசுக்கினால்தான் நடுவில் இடுப்பு ஒடுங்கி அறும். உங்கள் 2.5 மி.மீ. சதுரத்துக்கு 0.3 மி.மீ. இடைவெளி வையுங்கள். மேல்தகடாக மின்கடத்தும் ஒளிபுகு கண்ணாடி வேண்டும், அதற்கும் நீர்விலக்கிப் பூச்சு வேண்டும். துளியின் அளவும் 2 மைக்ரோலிட்டருக்கு இறங்கிவிடும். கண்காட்சிக்குள் முடியாது. பிளப்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள், கலப்பதை நேரில் காட்டுங்கள்.

#22 ஈயக்கம்பி

சரி. பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி. எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுவதே இல்லையே, ஃபிலிமுக்குப் பதில் அதைப் போட்டால் என்ன?" எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. சேம்பிலையும் கைவசம் இருக்கிறது.

#23 மென்படலம்

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், இதே கேள்வியைக் கேட்டு ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் இருக்கிறார்கள் என்று.

தாமரை இலையில் துளி நிற்பது இலையின்மேல் அல்ல. இலையின் நுண்ணிய முடிச்சுகளின் உச்சியில், நடுவே காற்றின்மேல் நிற்கிறது. ஆகவே ஒட்டுவதில்லை. இப்போது கீழிருந்து மின்புலம் இழுத்தால் துளி அந்தக் காற்றைத் தள்ளிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். மின்சாரத்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் ஏறி வராது. சொரசொரப்பு இப்போது எதிரியாகிவிடும். வழுவழுப்பான டெஃப்லான் படலத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தவிர, இலையின் தடிமனைப் பாருங்கள், நூறு மைக்ரானுக்கு மேல். பத்து மடங்கு தடிமனுக்கு மூன்று மடங்குக்கு மேல் மின்னழுத்தம் வேண்டும். "தாமரை இலைத் தண்ணீர்போல" பட்டும் படாமலும் இருப்பதெல்லாம் மின்சாரம் வரும்வரைதான்.

#24 பாதரசம்

அருமை. நான் நடத்தியிருந்தால் "போட்டுப் பார் தெரியும்" என்றிருப்பேன். இதையும் வகுப்பில் செய்து காட்டலாம், தம்பி. தோற்பதைக் காட்டும் கண்காட்சியை யாரும் வைப்பதில்லை.

#25 எதற்கு_இதெல்லாம்

என் பங்குக்கு ஒரு சோதனை. தண்ணீரை விடுங்கள், பாலை விட்டுப் பாருங்கள். எங்கள் கூடத்துக்கு வருவதெல்லாம் பால் மாதிரித்தான், தண்ணீர் மாதிரி அல்ல.

#26 ஈயக்கம்பி

விட்டேன். மூன்று சதுரம் போனது. நான்காவதில் ஆணியடித்ததுபோல நின்றது. துடைத்துவிட்டுத் தண்ணீரை விட்டாலும் அந்த இடத்தில் இப்போது தண்ணீரும் தயங்குகிறது. முனை மாற்றும் ரிலே போட்டாயிற்று, ஆகவே மின்னூட்டம் காரணமில்லை.

#27 மென்படலம்

நண்பர் கேட்டது சரியான இடம். பாலின் புரதம் நீர்விலக்கிப் பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த இடம் நீரை விரும்பும் இடமாகிவிடும், பின்விளிம்பு அங்கே மாட்டிக்கொள்ளும். மேலே நான் போட்ட கணக்கில் பின்கோணம் 95 என்றேன். அது 60க்கு இறங்கினால் தயக்கத்தின் விசை 150 மைக்ரோ நியூட்டனைத் தாண்டும். உங்களிடம் இருப்பது 79.

ஆய்வகங்களில் புளூரானிக் என்ற பரப்புச் செயலியை (சோப்பு மாதிரியான பொருள்) துளியில் மிகச் சிறிதளவு கலப்பார்கள். அது புரதத்துக்கு முன் பரப்பில் இடம்பிடிக்கும். உங்களுக்கு எளிய வழி, அதே நடைப்பயிற்சி எண்ணெயை ஃபிலிமின் மேற்பக்கமும் மெல்லியதாகத் தடவுவது. துளி எண்ணெயின்மேல் வழுக்கும், எண்ணெய் துளியின்மேலும் போர்வையாக ஏறும். புரதம் ஃபிலிமைத் தொடாது, உலர்வதும் குறையும். அந்த எண்ணெய் கெட்டியானது என்பதால் மெதுவாகப் போகும். ஒவ்வோர் அடிக்கும் அரை விநாடிக்குப் பதில் இரண்டு விநாடி கொடுங்கள்.

#28 நிக்ஸிவிளக்கு

நான்காவது சதுரத்தின் ஃபிலிமையும் மாற்றுங்கள். துடைத்ததில் பூச்சு போயிருக்கும்.

#29 ஈயக்கம்பி

புது ஃபிலிம், மேலும் கீழும் எண்ணெய், இரண்டு விநாடி. பால்துளி எட்டுச் சதுரத்தையும் நாற்பது முறை போய்த் திரும்பியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். நாற்பத்தொன்றாவதில் ஐந்தாம் சதுரத்தில் கொஞ்சம் வால் இழுத்தது, ஆனால் போய்விட்டது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வால் இழுக்கிறது.

#30 எதற்கு_இதெல்லாம்

நாற்பதா? நான் ஐந்து சொல்லியிருப்பேன். அந்த வால் இழுக்கும் இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள்.

#31 ஈயக்கம்பி

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் சதுரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறது. பால் படிந்ததா, ஏடிஎம் அட்டையால் நான் கீறியதா என்று சொல்லத் தெரியவில்லை. கண்காட்சி முடிந்ததும் ஃபிலிமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து இங்கே போடுகிறேன்.